காலி அரங்கில் கேட்ட சத்தத்தை நம்பாதீர்கள்

சிறிய இசை நிகழ்ச்சி சொதப்புவது பெரும்பாலும் பாடகரால் அல்ல, ஒலி அமைப்பால்தான். காலி அரங்கில் சவுண்ட் செக் செய்து, "சரி, நன்றாக இருக்கிறது" என்று விட்டுவிடுவார்கள். ஆட்கள் நிறைந்ததும் உடலும் உடையும் கூர்மையான ஒலிகளை உறிஞ்சிக்கொள்ளும். எதிரொலி குறையும், கூடவே பாட்டு வரிகளும் மங்கும். அதனால் முதல் பாட்டின்போதே ஒருவர் கடைசி வரிசையில் போய் நின்று கேளுங்கள். வரிகள் புரியவில்லையா? குரலை ஏற்றுவதற்கு முன் கீபோர்டையும் கிதாரையும் இறக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டே போனால் மைக் கீச்சிடும். பெரிய ஸ்பீக்கர்கள் மைக்குகளுக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்தபடி இருக்கட்டும். அப்புறம், வரவேற்புரையைச் சுருக்குங்கள். அது நீண்டால் பாதிக் கூட்டம் வாசலில்தான் நிற்கும், பட்டவன் சொல்கிறேன்.