பஸ் கிளம்பும் இரைச்சல்: கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாலை இரைச்சலைக் கணிக்க உட்காருபவர்கள் முதலில் கேட்பது வாகனங்களின் சராசரி வேகத்தை. நெடுஞ்சாலைக்கு அது சரி. ஊருக்குள் ஓடும் பஸ்ஸுக்கு அது மட்டும் போதாது. நிறுத்தத்திலிருந்து கிளம்பும் டீசல் பஸ் மணிக்கு 10 கி.மீ. வேகத்தைக்கூட எட்டியிருக்காது, ஆனால் அத்தனை பாரத்தையும் இழுக்க எஞ்சின் அப்போதுதான் மூச்சைப் பிடித்து உழைக்கிறது. வேகம் குறைவு, அதனால் சத்தமும் குறைவு என்று கணக்கு சொன்னால், எதிர்வீட்டுக்காரர் அதை நம்பமாட்டார். நம்பவும் கூடாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் கொண்டுவந்த க்னோசோஸ் என்ற பொதுக் கணிப்பு முறை, டயர் சத்தத்தையும் எஞ்சின் சத்தத்தையும் தனித்தனியாகப் பார்க்கிறது. வேகம் கூட்டுவதற்கும் குறைப்பதற்கும் ஒரு திருத்தம் உண்டு. ஆனால் அது சிக்னலுக்கும் ரவுண்டானாவுக்கும்தான்; அவற்றிலிருந்து 100 மீட்டரில் பூஜ்யமாகிவிடும். பஸ் நிறுத்தம் அதில் வரவே வராது. மணிக்கு 20 கி.மீ.க்குக் கீழான வேகம் எதுவானாலும் 20 என்றே எடுத்துக்கொள்ளப்படும். இரண்டு அச்சு பஸ்ஸும் 3.5 டன்னைத் தாண்டிய டெலிவரி வேனும் ஒரே வகை. மென்பொருள் தரும் வண்ண வரைபடத்தை அப்படியே ஏற்காமல், நிறுத்தத்தைச் சத்தம் எழும் தனி இடமாகச் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்பதே என் கருத்து.

டெசிபலைக் கூட்டி வகுத்துச் சராசரி எடுப்பது அடுத்த தவறு. பாதி நேரம் 85, பாதி நேரம் 65 என்றால் சராசரி 75 இல்லை. டெசிபல் மடக்கை (லாகரிதம்) அளவு; அதை ஒலி ஆற்றலாக மாற்றிச் சராசரி எடுத்தால் 82.

அதிகம் கவனிக்கப்படாத விஷயம் ஒன்று உண்டு. ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 1200 சுற்று சுற்றும்போது அதன் அடிப்படை ஒலி சுமார் 60 ஹெர்ட்ஸில் விழுகிறது. காதுக்குக் கேட்கும் விதத்துக்கேற்பத் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துக் காட்டும் வழக்கமான ‘ஏ’ எடையிட்ட அளவீடு அந்த அதிர்வெண்ணில் ஏறக்குறைய 26 டெசிபலைக் கழித்துவிடும். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துகொண்டிருக்க, அறிக்கையில் எண் மட்டும் சாதுவாக இருக்கும். அதனால் அதிர்வெண் வாரியாகவும் அளந்தே ஆகவேண்டும்.

ஹாரன் இந்தச் சூத்திரங்களில் கிடையாது. நம் ஊர்ச் சாலைகளுக்கு அதை அளந்துதான் சேர்க்க வேண்டும்.

அப்புறம், நாள் முழுவதற்கும் ஒரே சராசரி போடாதீர்கள். இந்திய விதிப்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவு. குடியிருப்புப் பகுதியில் வரம்பு 55-இலிருந்து 45 டெசிபலாக இறங்குகிறது. 10 மணிக்கு மேல் கிளம்பும் பஸ்களைத் தனியாகக் கணக்கிட்டு, ஒவ்வொன்றின் உச்ச அளவையும் சேர்த்து எழுதுங்கள். தூக்கத்தைக் கலைப்பது அந்த உச்சம்தான்.