பழைய லேப்டாப்பில் எஸ்எஸ்டி மாட்டுவது எப்படி? ஸ்க்ரூ சுலபம், டேட்டாவைக் காப்பி எடுப்பதுதான் சங்கடம்

அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்பை ஆன் செய்தால், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? தூக்கிப் போடாதீர்கள். பெரும்பாலும் தாமதம் ப்ராசஸரால் இல்லை, ஹார்ட் டிஸ்கால்தான். நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டின் மேல் ஒரு முனை ஓடி ஓடித் தேடவேண்டியிருக்கிறது. அதற்குப் பதிலாக மாட்டும் எஸ்எஸ்டி (சாலிட் ஸ்டேட் டிரைவ்) சிப்பில் சேமிக்கிறது; அதில் ஓடுகிற பாகமே கிடையாது. 2008-இல் இன்டெல்லின் எக்ஸ்25-எம் என்ற 80 ஜிபி எஸ்எஸ்டி 595 டாலருக்கு வந்தது. இன்று அதைப்போல மூன்று மடங்கு இடம் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது.

வாங்கும்போது

2.5 அங்குல சாட்டா வகை (பழைய ஹார்ட் டிஸ்க் செருகியிருக்கும் அதே இணைப்பு), 7 மில்லிமீட்டர் தடிமன் என்று கேளுங்கள். எம்.2 என்பது குச்சி போன்ற சிறிய வகை; அதற்கான ஸ்லாட் இருப்பதைக் கண்ணால் பார்க்காமல் வாங்கக் கூடாது. பழைய சாட்டா 2 போர்டில் நொடிக்கு 280 எம்பியைத் தாண்டாது. ஆகவே பெட்டியில் அச்சிட்ட 550 எம்பிக்கு மயங்கிக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்; நமக்கு வேண்டியது தேடும் நேரம் குறைவது, அது எந்த நல்ல பிராண்டிலும் கிடைக்கும்.

சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போக, தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்தால் போதும். ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்கள். கூடவே, காப்பி எடுக்கும்போது எஸ்எஸ்டியை லேப்டாப்பின் யுஎஸ்பியில் இணைக்க, யுஎஸ்பி 3 – சாட்டா கேபிள் ஒன்று. பில் இல்லாமல் வாங்கியிருந்தால், காப்பி போடும் முன் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற சோதனை மென்பொருளை ஓட்டிப் பாருங்கள்: கொள்ளளவில் பொய் சொல்லும் போலிகள் அதில் மாட்டிக்கொள்ளும்.

காப்பி: இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்

முதலில் டிஸ்கின் நலத்தைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைத் திறந்து பழைய டிஸ்கைப் பாருங்கள். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டினால் குளோன் (டிஸ்கை அப்படியே நகலெடுப்பது) செய்யாதீர்கள். கெட்டுப்போன செக்டரில் (டிஸ்கின் சிறு பகுதி) முட்டி மோதிப் பாதியில் நின்றுவிடும், டிஸ்கும் அத்தோடு போய்விடலாம். போட்டோ, சான்றிதழ்களை மட்டும் பென்டிரைவுக்கு மாற்றிவிட்டு, எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாகவே போடுங்கள்.

நீல நிறமாக இருந்தால் மேலே போகலாம். நிரம்பியிருக்கும் இடம் எஸ்எஸ்டியின் கொள்ளளவில் முக்கால் பங்குக்குள் இருக்கட்டும். டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் ஆனில் இருந்தால் ஆஃப் செய்து, பூட்டு முழுதும் அவிழும்வரை காத்திருங்கள். குளோன்சில்லா என்ற நகல் மென்பொருள், பெரிய டிஸ்கிலிருந்து சிறியதற்குப் போக அடம்பிடிக்கும். எஸ்எஸ்டி தயாரிப்பாளர் இலவசமாகத் தரும் மென்பொருள் பார்ட்டிஷனை (டிஸ்கின் பிரிவு) தானே சுருக்கிக்கொள்ளும். எது சோர்ஸ் (பழைய டிஸ்க்), எது டார்கெட் (எஸ்எஸ்டி) என்று மாடல் பெயரைப் படித்துப் பார்த்த பிறகே ஓகே கொடுங்கள். மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க் நிறைந்த டிஸ்கின் மேல் எழுதிவிடும்.

எஸ்எஸ்டி கேபிளை நீல நிற யுஎஸ்பி 3 போர்ட்டில் செருகுங்கள். பழைய யுஎஸ்பி 2-வில் 100 ஜிபிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். பேட்டரி செத்த லேப்டாப் என்றால், கரண்ட் போகும் நாளில் யுபிஎஸ் இல்லாமல் தொடங்கவே கூடாது.

மாட்டுதல்

சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைப் பதினைந்து நொடி அழுத்திப் பிடியுங்கள். அடி மூடியைத் திறந்து, டிஸ்கை மேலே தூக்காமல் பக்கவாட்டில் இழுத்தெடுங்கள். தூக்கினால் கனெக்டர் விரிசல் விடும். காசிமேடு, ராயபுரம் பக்கம் கடல்காற்றில் இருந்த மெஷின் என்றால் கனெக்டர் கம்பிகளை டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைப் பட்ஸில் தொட்டுத் துடைத்து, உலர்ந்த பிறகே செருக வேண்டும். பழைய டிஸ்கின் உலோகச் சட்டத்தையும் நான்கு ஸ்க்ரூக்களையும் கழற்றி எஸ்எஸ்டியில் பூட்டுங்கள். அது இல்லாவிட்டால் உள்ளே ஆடும்.

ஆன் செய்ததும்

பூட் ஆகவில்லையா? பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) பூட் வரிசையில் எஸ்எஸ்டி முதலில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே சாட்டா மோட் பழைய ஐடிஇ முறையில் இருந்தால் உடனே புதிய ஏஎச்சிஐ முறைக்கு மாற்றாதீர்கள், விண்டோஸ் ஏறாமல் நீலத்திரை வரும். விண்டோஸ் 10-இல் சேஃப் மோட் பூட்டை முதலில் அமைத்துவிட்டு மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் ஏற்றினால் சரியாகிவிடும். உள்ளே வந்தபின் 'ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்' திறந்து, வகை 'சாலிட் ஸ்டேட் டிரைவ்' என்று காட்டுகிறதா பாருங்கள். அழித்த கோப்புகளின் இடத்தை எஸ்எஸ்டிக்குச் சொல்லும் ட்ரிம் வேலையை விண்டோஸே வாராவாரம் செய்துகொள்ளும்; தனியாக டீஃப்ராக் (ஹார்ட் டிஸ்கில் சிதறிய கோப்புகளைச் சேர்க்கும்) மென்பொருள் எதுவும் வேண்டாம்.

பழைய டிஸ்கை ஒரு மாதமாவது அழிக்காமல் வையுங்கள். நலமாக இருந்தால் யுஎஸ்பி பெட்டிக்குள் போட்டு பேக்கப்புக்கு வைக்கலாம். வருடக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் அலமாரியில் கிடப்பதற்கு எஸ்எஸ்டியைவிட ஹார்ட் டிஸ்க்தான் தோது.