டாலி லைட்டுக்கு அட்ரஸ் போடுறது எப்படி (கூடவே என் 12-ம் நம்பர் கதை)

பெருங்குடில ஒரு ஆபீஸ் ஃப்ளோர். 48 ஃபிட்டிங், ஒரே டாலி லைன் (டாலின்னா ரெண்டு வயர்ல டிஜிட்டலா லைட்டை கன்ட்ரோல் பண்ற முறை, அதுல ஒவ்வொரு லைட்டுக்கும் குடுக்கற நம்பர்தான் அட்ரஸ்). சாஃப்ட்வேர்ல ஸ்கேன் பண்ணா 47 தான் வருது. அந்த ஒண்ணுக்காக ஒன்றரை நாள் ஏணியில ஏறி இறங்கினேன், ஃபால்ஸ் சீலிங் டைல் நாலு உடைஞ்சதுதான் மிச்சம். கடைசில பார்த்தா வயர்ல ஒரு கோளாறும் இல்ல. முதல் தடவை டாலி அட்ரஸிங் பண்ணப்போறவங்க அதே குழில விழ வேணாமேன்னு எழுதறேன்.

டாலியோட அடிப்படை, டிரைவர்ல (லைட்டுக்குக் கரண்ட் குடுக்கற பெட்டி) டிஏ டெர்மினல் (டாலி வயர் ரெண்டும் மாட்டற முனை) எங்க இருக்கும், இதெல்லாம் தெரியும்னு எடுத்துக்கறேன். ஞாபகத்துக்கு இதை மட்டும் வெச்சுக்கோங்க: ஒரு லைன்ல 64 அட்ரஸ், 0-ல இருந்து 63 வரைக்கும். குரூப் (சேர்ந்து எரியற லைட்டுங்க) 16, சீன் (சேவ் பண்ணி வெச்ச வெளிச்ச அளவு) 16. 1.5 ஸ்கொயர் எம்எம் வயர்னா 300 மீட்டர் வரைக்கும் இழுக்கலாம், ஸ்டாரா போனாலும் வரிசையா போனாலும் ஓகே, சுத்தி வந்து ரிங்கா மட்டும் முடிக்காதீங்க.

லேப்டாப்ப திறக்கறதுக்கு முன்னாடி

மல்டிமீட்டர் எடுங்க. டிஏ ரெண்டு முனைல டிசி வோல்டேஜ் பாருங்க, சுமார் 16 வோல்ட் காட்டணும். சுத்தமா இல்லன்னா ஒண்ணு டாலி லைனோட பவர் சப்ளை ஆன் ஆகல, இல்ல எங்கயோ ஷார்ட். ஷார்ட்டுக்கு இன்னொரு அடையாளம், லைட் எல்லாம் தானா ஃபுல் வெளிச்சத்துக்குப் போய் நிக்கும், ஏன்னா பஸ் (அந்த டாலி லைன்தான்) செத்துட்டா 100 சதவீதத்துக்குப் போன்னு டிரைவர்ல கம்பெனிலயே செட் பண்ணிதான் அனுப்புவாங்க. கன்ட்ரோலருக்கு (லைட்டுக்கெல்லாம் கட்டளை அனுப்பற பெட்டி) உள்ளயே பவர் சப்ளை இருக்கான்னும் பாருங்க, இருக்கறது தெரியாம எலக்ட்ரீசியன் தனியா இன்னொண்ணு மாட்டிருப்பார். லைன் மொத்தத்துக்கும் 250 மில்லிஆம்ப் தான் லிமிட், ரெண்டும் சேர்ந்தா தாண்டிரலாம்.

எல்லா டிரைவருக்கும் 230 வோல்ட் சப்ளை ஆன்ல இருக்கணும். இது சொல்லணுமான்னு தோணும். பாதி அட்ரஸிங் ஓடிட்டு இருக்கும்போது கார்பென்டர் ஒருத்தர் டிரில் மெஷின் போட டிபில (மெயின் கரண்ட் போர்டு) எம்சிபிய (பிரேக்கர் சுவிட்ச்) இறக்கிட்டார், எனக்கு நடந்திருக்கு. டிபி கதவுல ஒரு பேப்பர் ஒட்டிடுங்க.

கையால எண்ணுங்க

ட்ராயிங்ல இருக்கற ஃபிட்டிங் கணக்க நம்பாதீங்க, நடந்து போய் எண்ணுங்க. ஏ3 பிரிண்ட், பென்சில், அவ்ளோதான். எக்செல்ல நேரா டைப் பண்றவங்களைப் பார்த்திருக்கேன், ஒரு ரூம் மாறினா மொத்த ஷீட்டும் குழம்பிரும். பென்சில் குறிச்சது முடிஞ்சதும் ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

டூல் விஷயத்துல என் ஓட்டு லூனடோன் டாலி காக்பிட்டுக்குத்தான். சாஃப்ட்வேர் ஃப்ரீ, லேப்டாப்பை லைனோட இணைக்கற அவங்க யூஎஸ்பி டாங்கிள் மட்டும் வாங்கணும். ட்ரைடானிக் மாஸ்டர்கான்ஃபிகரேட்டரும் நல்லாத்தான் இருக்கு, ஆனா என் கைக்குப் பழகினது காக்பிட்தான். கன்ட்ரோலரோட மொபைல் ஆப்ல அட்ரஸிங் பண்றது எனக்குப் பிடிக்காது, ப்ளூடூத் கட்டானா எது வரைக்கும் போச்சுன்னே தெரியாது.

அட்ரஸிங் ஓடும்போது உள்ள என்ன நடக்குது

இது புரிஞ்சா பாதி தலைவலி போச்சு. சாஃப்ட்வேர் முதல்ல "எல்லாரும் ஒரு நம்பர் எடுத்துக்கோங்க"ன்னு சொல்லும். ஒவ்வொரு டிரைவரும் 24 பிட்ல ஏதோ ஒரு ரேண்டம் நம்பர் எடுத்துக்கும், கிட்டத்தட்ட 1 கோடியே 68 லட்சம் நம்பர்ல ஒண்ணு. அப்புறம் "உன் நம்பர் இதுவா, இல்ல இதுக்குக் கீழயா"ன்னு பாதி பாதியா வெட்டிக் கேட்டுக்கிட்டே வரும், இருக்கறதுலயே சின்ன நம்பர் வெச்சிருக்கவர் மாட்டுவார். அவருக்கு 0-ம் அட்ரஸ் குடுத்து "நீ ஒதுங்கு"ன்னு சொல்லிட்டு அடுத்தவரைத் தேடப் போகும்.

அதாவது அட்ரஸுக்கும் லைட் தொங்குற இடத்துக்கும் சம்பந்தமே கிடையாது. 0 ரிசப்ஷன்ல இருக்கும், 1 டாய்லெட்ல இருக்கும், 2 திரும்ப ரிசப்ஷன்ல. வயர் வரிசைப்படி வரும்னு நினைச்சு நான் முதல் சைட்ல அரை நாள் வீணாக்கினேன்.

மெனுல ரெண்டு ஆப்ஷன் இருக்கும். ஒண்ணு "எல்லாத்துக்கும் புதுசா போடு", இன்னொண்ணு "அட்ரஸ் இல்லாததுக்கு மட்டும் போடு". பழைய லைன்ல ஒரு டிரைவர் மாத்தப் போயிருந்தா ரெண்டாவதுதான். முதல்லதைத் தட்டிட்டீங்கன்னா மொத்த நம்பரும் சீட்டுக் கட்டு மாதிரி கலைஞ்சிரும், கூடவே ரீசெட்னு ஒரு டிக் இருந்தா குரூப்பு சீனு எல்லாம் போச்சு.

அப்புறம் ஒவ்வொரு நம்பரா செலக்ட் பண்ணி மின்ன விடுங்க, எது மின்னுதோ அதை ட்ராயிங்ல எழுதுங்க. ரெண்டு பேர் வேணும், ஒருத்தர் லேப்டாப்புல, ஒருத்தர் நடக்க. நம்பர் மாத்தணும்னா 63-ஐ எப்பவும் காலியா வெச்சுக்கோங்க, 7-ஐயும் 3-ஐயும் மாத்தணும்னா 7-ஐ 63-க்கு அனுப்பிட்டு, 3-ஐ 7-க்கு கொண்டுவந்து, அப்புறம் 63-ஐ 3 ஆக்குங்க. நேரா 7-ஐ 3-ன்னு அடிச்சா, சில சாஃப்ட்வேர் ஒண்ணுமே கேக்காம செஞ்சிரும், ரெண்டு பேரும் 3 ஆயிடுவாங்க.

இப்ப அந்த 12

ரெண்டு பேருக்கு ஒரே அட்ரஸ், இதுதான் பெருங்குடி கதையும். ரெண்டு டிரைவர் குறைஞ்சதுன்னு வேற சைட்ல கழட்டி வெச்சிருந்ததை மாட்டிட்டாங்க. ஒண்ணு அங்க 3-வது மாடில 12-ஆ இருந்தது, இன்னொண்ணு 4-வது மாடில 12. இங்க ஒண்ணு பேன்ட்ரி லைட்டுக்கும் இன்னொண்ணு கேபின் லைட்டுக்கும் போயிருச்சு. டிரைவர் கரண்ட் போனாலும் அட்ரஸை மறக்காது. நான் புது சைட்தானேன்னு "அட்ரஸ் இல்லாததுக்கு மட்டும்" ஓட்டிட்டேன். 46 பேருக்குப் புது நம்பர் வந்துச்சு, இந்த ரெண்டு பேரும் பழைய 12-ஆவே உக்காந்துட்டு ஸ்கேன்ல ஒரே ஆளா தெரிஞ்சாங்க.

நான் கேபின் லைட்தான் காணோம்னு அந்த டிரைவர் மேலயே சந்தேகப்பட்டுட்டு இருந்தேன். டிஏல 16 வோல்ட் இருக்கு. வயர் மாத்தினேன், கனெக்டர் மாத்தினேன். பிராட்காஸ்ட் ஆஃப் (எல்லா லைட்டையும் ஒரேயடியா அணைக்கற கட்டளை) குடுத்தா சமர்த்தா அணையுது, அப்பவே மண்டைல அடிச்சிருக்கணும், வயர் போயிருந்தா அது எப்படி அணையும்? ரெண்டாவது நாள் ஹெல்பர் தம்பி கேபின்ல ஏணி மேல இருக்கான், நான் பேன்ட்ரில சும்மா இருக்காம 12-ஐ மின்ன விட்டேன். பேன்ட்ரி லைட் மின்னுது, அந்தப் பக்கத்துல இருந்து சத்தம்: "அண்ணே, இங்கயும் மின்னுதுண்ணே!"

சரி பண்றது ரெண்டு நிமிஷ வேலை. 12-ஐ செலக்ட் பண்ணி ஷார்ட் அட்ரஸை (இந்த 0-63 நம்பரோட பேருதான், வயர் ஷார்ட் இல்ல) டிலீட் பண்ணுங்க. ரெண்டு பேரும் அட்ரஸ் இல்லாதவங்க ஆயிடுவாங்க. இப்ப "அட்ரஸ் இல்லாததுக்கு மட்டும்" ஓட்டுங்க, தனித்தனி நம்பர் கிடைச்சிரும். ஆனா குரூப்பைப் பார்க்க மறக்காதீங்க, பழைய சைட் குரூப் உள்ளயே இருக்கும். எங்க பேன்ட்ரி லைட் மீட்டிங் ரூம் சுவிட்சுக்கு ரெண்டு நாள் ஆடிட்டு இருந்துச்சு.

பின்சேர்க்கை: எண்ணினதை விட அதிகமா வருதே, 40 ஃபிட்டிங்குக்கு 46 காட்டுதேன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். அதுல எமர்ஜென்சி பேட்டரி யூனிட் இருக்கான்னு பாருங்க, டாலி எமர்ஜென்சின்னா அது டிரைவரோட சேராம தனியா ஒரு அட்ரஸ் எடுத்துக்கும். பழைய ட்யூனபிள் ஒயிட் (வெள்ளை வெளிச்சத்தை மஞ்சளாவும் நீலமாவும் மாத்தற) ஃபிட்டிங்கும் வார்முக்கு ஒண்ணு கூலுக்கு ஒண்ணுன்னு ரெண்டு தின்னும், டிடி8 (கலரையும் சேர்த்து கன்ட்ரோல் பண்ற வகை) டிரைவர்னா ஒண்ணே போதும்.

இன்னொண்ணு: சென்சரும் இந்த 64-ல சேருமான்னு கேட்டவங்களுக்கு, டாலி-2 (டாலியோட புது வெர்ஷன்) சென்சர், சுவிட்சுக்கெல்லாம் தனியா 64 அட்ரஸ் உண்டு. அதனால சென்சர் 5-ம் லைட் 5-ம் ஒரே லைன்ல இருந்தா டூப்ளிகேட்னு பதறாதீங்க. ஆனா அதுவும் பெரும்பாலும் பஸ்ல இருந்துதான் கரண்ட் எடுக்கும், டிரைவர் மாதிரி 2 மில்லிஆம்ப்போட நிக்காது, டேட்டாஷீட் பார்த்து 250-ல கழிச்சுக்கோங்க.