மெலிதான குரோனோகிராஃப் வாட்ச்: வாங்கும்போது சறுக்கும் இடங்கள்

மதுரைப் பக்கம் விலை கூடிய வாட்ச் ஒன்று வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் கல்யாணத்தை ஒட்டித்தான். மாப்பிள்ளைக்குச் செயின், மோதிரம், அப்புறம் வாட்ச். பெண் வீட்டார் கடையில் கேட்பதும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்: "டயலுக்குள்ள மூணு சின்ன வட்டம் இருக்கணும், மெலிசா இருக்கணும், தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகக்கூடாது." கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் இந்த மூன்று ஆசைகளும் ஒரே கேஸுக்குள், அதாவது வாட்சின் உலோகக் கூட்டுக்குள், இடத்துக்குச் சண்டை போடுபவை. மெலிசாக்கினால் தண்ணீர் தாங்கும் திறன் குறையும். தண்ணீர் தாங்க வைத்தால் தடிமன் கூடும். அந்தச் சின்ன வட்டங்களோடு ஓட்ட நேரமும் அளக்கும் குரோனோகிராஃப் வேண்டுமென்றால் இரண்டுக்குமே கஷ்டம். மூன்றில் எது முதலில் வேண்டும் என்று வீட்டிலேயே பேசி முடிக்காமல் கடைப்படி ஏறுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் பிறக்கின்றன.

மெலிசு எங்கே போய் முட்டுகிறது

நம் ஓசூர் டைட்டனின் எட்ஜ் வாட்சைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்கு மெலிசு என்றால் என்னவென்று தெரியும். மொத்தத் தடிமனே 3.5 மில்லிமீட்டர், உள்ளே இருக்கும் எந்திரம் 1.15 மில்லிமீட்டர். அதைப் பார்த்துவிட்டு குரோனோகிராஃபையும் அதே கண்ணோடு தேடக்கூடாது. குரோனோகிராஃப் என்றால் மணி காட்டும் எந்திரத்தோடு, ஓட்ட நேரம் அளக்க இன்னொரு தொகுதிப் பல்சக்கரங்களும் நெம்புகோல்களும் சேர வேண்டும். ஆட்டோமேட்டிக் என்றால் கை அசைவில் சுற்றித் தானே சாவி கொடுத்துக்கொள்ளும் அரைவட்டத் தகடு ஒன்றும் அதன்மேல் உட்காரும். டயலுக்கு மேலே முள்களுக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி வேண்டும். தண்ணீர் அழுத்தத்தில் வளையாதபடி கண்ணாடியும் பின்மூடியும் கனமாக இருக்க வேண்டும்.

1970களில் வந்த வால்ஜூ 7750 என்ற எந்திரம் இன்றும் பல சுவிஸ் குரோனோகிராஃபுகளில் ஓடுகிறது. நல்ல உழைப்பாளி, நம்பி வாங்கலாம். ஆனால் எந்திரம் மட்டுமே 7.9 மில்லிமீட்டர்; வாட்சாக முடிந்து வரும்போது 13 முதல் 15 வரை போய்விடும். நிலவுக்குப் போய் வந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் புரொஃபஷனலில் அந்தச் சுற்றும் தகடே கிடையாது, கையால் சாவி கொடுப்பதுதான். அப்படியும் 13 மில்லிமீட்டர் பக்கம் வருகிறது. தண்ணீர் தாங்குவது 50 மீட்டர். ரோலெக்ஸ் டேடோனா 12 மில்லிமீட்டர் அளவில் 100 மீட்டர் தாங்குகிறது, ஆனால் அதற்காகப் பட்டன் இரண்டையும் திருகி மூட வேண்டும். 2019ல் புல்காரி 3.3 மில்லிமீட்டர் எந்திரத்தோடு 6.9 மில்லிமீட்டரில் ஒரு ஆட்டோமேட்டிக் குரோனோகிராஃப் செய்து காட்டியது. சாதனைதான், ஆனால் அதன் விலை வேறு உலகம்.

ஆகவே ஆட்டோமேட்டிக்கில் 100 மீட்டர் தாங்கும் குரோனோகிராஃப் 12 மில்லிமீட்டருக்குள் கிடைத்தால், என்னைக் கேட்டால், அதுவே மெலிசு. அதைவிட மெலிசு வேண்டும், பட்ஜெட்டும் மீறக்கூடாது என்றால் பேட்டரி வாட்ச் பக்கம் தயங்காமல் பாருங்கள். நேரத்தைச் சரியாகக் காட்டுவதில் அது ஆட்டோமேட்டிக்கை மிஞ்சும்.

தடிமனை விளம்பரத் தாளில் பார்த்து முடிவு செய்வதும் தவறு. ஒரே 13 மில்லிமீட்டர் ஒரு வாட்சில் உருண்டைக் கண்ணாடியில் போயிருக்கும், கையில் அது உறுத்தாது. இன்னொன்றில் பக்கச் சுவர் நெட்டுக்குத்தாக நிற்கும், சட்டைக் கையில் மாட்டும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். பட்டனை மாட்டி, கையை மேலே தூக்கி இறக்கிப் பாருங்கள். வாட்ச் தானாக உள்ளே போக வேண்டும். மேல் முனையிலிருந்து கீழ் முனை வரையுள்ள நீளம் மணிக்கட்டின் விளிம்பைத் தாண்டித் தொங்கவும் கூடாது. மாப்பிள்ளைக்கு வாங்குகிறவர்கள் மோதிர அளவு கேட்கும்போதே மணிக்கட்டு அளவையும் கேட்டு வாங்கிவிடலாம்; அவரையே கூட்டிப் போனால் இன்னும் நல்லது.

இன்னொரு சங்கதி. வாட்சைப் பக்கவாட்டில் திருப்பி, நடுவில் இருக்கும் சாவித் திருகும் மேலே கீழே உள்ள இரண்டு பட்டன்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். திருகு சற்றே கீழே இறங்கியிருந்தால், சாதாரண எந்திரத்தின்மேல் குரோனோகிராஃப் தகடு ஒன்றைத் தனியாக ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அது மட்டமானது என்று சொல்லமாட்டேன். ஆனால் அப்படிப்பட்டதில் மெலிசை எதிர்பார்க்க முடியாது, பழுது பார்ப்பதும் கொஞ்சம் சிக்கல்.

டயலில் போட்டிருக்கும் மீட்டர்

30 மீட்டர் என்று போட்டிருந்தால் 30 மீட்டர் ஆழம் வரை போகலாம் என்று நினைப்பது உலகம் முழுக்க நடக்கும் தவறு. அது பரிசோதனைக் கூடத்தில், புது வாட்சை, அசையாத நிலையில் வைத்துத் தரப்பட்ட அழுத்தம். 10 மீட்டர் தண்ணீர் சுமார் 1 பார் அழுத்தம். 30 மீட்டர் என்றால் 3 பார். ஐ.எஸ்.ஓ. 22810 என்ற தரத்தின்படி சோதிக்கப்படும் சாதாரண வாட்சுகளில் ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும் என்றுகூடக் கட்டாயமில்லை, மாதிரிக்குச் சிலதை எடுத்தால் போதும். முக்குளிப்பவர்களுக்கான ஐ.எஸ்.ஓ. 6425 தான் ஒவ்வொரு வாட்சையும் சோதிக்கச் சொல்கிறது.

நடைமுறையில் இப்படி வைத்துக்கொள்ளலாம். 30 மீட்டர் என்றால் கை கழுவலாம், மழையில் நனையலாம். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் நடுவே நின்றாலும் பயமில்லை. 50 மீட்டர் என்றால் குளத்தில் கொஞ்ச நேரம் நீந்தலாம். கிணற்றில் குதிப்பவர்கள், ராமேஸ்வரம் போய் அக்னி தீர்த்தத்தில் முங்கி 22 தீர்த்தமும் வாளி வாளியாக ஊற்றிக்கொள்பவர்கள், குற்றாலச் சீசனுக்குத் தவறாமல் போகிறவர்கள், இவர்கள் எல்லாம் 100 மீட்டருக்குக் கீழே பார்க்கவே வேண்டாம்.

இங்கே பரவலாகச் சொல்லப்படும் ஒரு தவறான காரணத்தையும் தள்ளிவைக்க வேண்டும். "கையை வீசி நீந்தினால் அழுத்தம் பல மடங்கு ஏறிவிடும், அதனால்தான் 30 மீட்டர் வாட்சுக்குள் தண்ணீர் போகிறது" என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் கையை வீசினாலும் கூடும் அழுத்தம் ஒன்றேகால் மீட்டர் ஆழத்துக்குச் சமம், அவ்வளவுதான். அருவி கொஞ்சம் வேறு. 15 மீட்டர் உயரத்திலிருந்து தடையில்லாமல் விழும் தண்ணீர் ஏறக்குறைய 15 மீட்டர் ஆழத்து அழுத்தத்தோடு அடிக்கும். அதுகூட 30ஐ எட்டவில்லை. அப்புறம் ஏன் தண்ணீர் போகிறது? ரப்பர் வாஷர் காய்ந்து போயிருக்கும், இல்லையென்றால் திருகு சரியாக மூடாமல் இருந்திருக்கும். டயலில் போட்ட எண் வாங்கிய நாளுக்குத்தான். நான்கைந்து வருடம் மதுரை வெயிலிலும் வியர்வையிலும் கிடந்த வாஷருக்கு அந்த எண் பொருந்தாது. பெரிய எண்ணாகப் பார்த்து வாங்கச் சொல்வதே இந்தத் தேய்மானத்துக்கு இடம் விடத்தான்.

வெந்நீர்க் குளியல் எந்த எண்ணுக்கும் ஆகாது. சூட்டில் உலோகமும் ரப்பரும் ஒரே அளவில் விரிவதில்லை; சோப்பு நீர் சாதாரணத் தண்ணீரைவிட எளிதாக இடுக்குகளில் நுழையும். குளிக்கப் போகும்போது கழற்றி வைத்துவிடுவது நல்லது.

பட்டனும் பேட்டரியும்

சாதாரண வாட்சில் பக்கவாட்டில் ஒரே துளை, திருகுக்கு. குரோனோகிராஃபில் மூன்று. 2 மணிப் பக்கம் உள்ள பட்டன் ஓட்டவும் நிறுத்தவும், 4 மணிப் பக்கம் உள்ளது முள்ளைத் திரும்ப மேலே கொண்டுவர. ஒவ்வொன்றின் தண்டிலும் தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த கறுப்பு ரப்பர் வளையம் ஒன்று உண்டு. தண்ணீருக்கும் எந்திரத்துக்கும் நடுவே இருப்பது அந்த வளையம் மட்டும்தான். வாட்ச் நனைந்திருக்கும்போது பட்டனை அழுத்தினால் தண்டோடு சேர்ந்து ஈரமும் உள்ளே இழுக்கப்படலாம். தண்ணீருக்குள் அழுத்தலாம் என்று கம்பெனியே எழுதிக் கொடுத்தால் ஒழிய, கையைத் துடைத்துவிட்டு அழுத்துங்கள். திருகி மூடும் பட்டன் உள்ள வாட்சை வாங்கிவிட்டுத் திருகாமலே போட்டுக்கொண்டு திரிகிறவர்கள் நிறைய. அதற்குக் கொடுத்த காசு வீண்.

இதைவிடப் பெரிய சேதம் நடப்பது பேட்டரி மாற்றும் இடத்தில். எங்கள் சொந்தத்தில் ஒருவருக்குக் கல்யாணத்தில் வந்த பேட்டரி குரோனோகிராஃப், 100 மீட்டர் தாங்குவது, மூன்று வருடம் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. பேட்டரி தீர்ந்ததும் பஜாரில் ஒரு கடையில் பத்து நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தார்கள். அடுத்த மாதம் ஏ.சி. அறைக்குள் நுழைந்தபோது கண்ணாடியின் உள்பக்கம், 6 மணி இருக்கும் இடத்தில், நகக்கண் அளவுக்கு வெண்மையாக ஒரு படலம். கால் மணி நேரத்தில் மறைந்துவிட்டது, அவரும் விட்டுவிட்டார். தினமும் வரும், தினமும் மறையும். சர்வீஸில் திறந்து பார்த்தபோது பின்மூடி வளையம் ஒரு இடத்தில் மடிந்து, மூடியின் விளிம்பில் நசுங்கிக் கிடந்தது. டயலில் முள் குத்தியிருக்கும் நடுப்பகுதியைச் சுற்றி லேசாகத் துரு.

உள்பக்கம் படலம் தெரிந்தால் ஈரம் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். படலம் மறைவது ஈரம் வெளியேறியதால் அல்ல. சூட்டில் ஆவியாகி உள்ளேயே சுற்றுகிறது. அரிசிக்குள் போட்டு வைப்பது, வெயிலில் காய வைப்பது எதுவும் வேண்டாம். ஓரிரு நாளுக்குள் திறந்து பார்க்கக் கொடுத்துவிட வேண்டும். உப்புத் தண்ணீர் என்றால் அன்றைக்கே.

பேட்டரி மாற்றக் கொடுக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: பின்மூடி வாஷரைப் புதிதாகப் போடுவீர்களா, மூடிய பிறகு அழுத்தச் சோதனை செய்து தருவீர்களா? இரண்டாவதற்குத் தனி மெஷின் வேண்டும், எல்லாக் கடையிலும் இருக்காது. இல்லையென்றால் கம்பெனி சர்வீஸுக்கே அனுப்புங்கள். விலை உயர்ந்த பிராண்டுகள் பலவற்றுக்கு அது சென்னைக்கோ பெங்களூருவுக்கோ போக வேண்டியிருக்கும், வாரக்கணக்கில் ஆகலாம். வாங்குவதற்கு முன்பே இதைக் கேட்டு வைத்துக்கொள்வது அவசியம். ஆட்டோமேட்டிக் குரோனோகிராஃபை முழுதாகப் பிரித்து எண்ணெய் போட்டுச் சேர்ப்பது சாதாரண வாட்ச் சர்வீஸைவிட நன்றாகவே செலவு பிடிக்கும். அந்தத் தொகையையும் விலையோடு சேர்த்து யோசியுங்கள்.

கடையிலேயே ஓட்டிப் பார்க்காமல் வாங்குவது

குரோனோகிராஃப் வாங்குகிறவர்களில் பலர் கடையில் பட்டனைத் தொட்டே பார்ப்பதில்லை. ஓட விடுங்கள், நிறுத்துங்கள், கீழ்ப் பட்டனை அழுத்துங்கள். நீண்ட முள் துல்லியமாக 12ல் வந்து நிற்க வேண்டும். பேட்டரி வாட்சில் அரைக்கோடு தள்ளி நின்றால் திருகை இழுத்துப் பட்டனை அழுத்திச் சரிசெய்யும் வழி பெரும்பாலும் உண்டு. கடைக்காரரையே செய்து காட்டச் சொல்லுங்கள். ஆட்டோமேட்டிக்கில் தள்ளி நின்றால் வேறு வாட்ச் கேட்டு வாங்குங்கள்.

சின்ன வட்டங்களில் முள் தெரிகிறதா என்பதும் முக்கியம். வெள்ளி நிற டயலில் வெள்ளி நிற முள், கடை விளக்கில் பளபளவென்று இருக்கும். மாசி வீதி வெயிலில் நின்று பார்த்தால் மணியே தெரியாது.

விளிம்பில் உள்ள, வேகத்தைக் காட்டும் டாக்கிமீட்டர் எண்களை அலங்காரம் என்று விட்டுவிடாதீர்கள். திருமங்கலம் நோக்கி நான்குவழிச் சாலையில் போகும்போது, ஓட்டுகிறவர் வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் ஒரு கிலோமீட்டர் கல்லில் ஓடவிட்டு அடுத்த கல்லில் நிறுத்தட்டும். 45 நொடி ஆகியிருந்தால் முள் 80ஐக் காட்டும், அதுதான் வண்டியின் வேகம். ஒருமுறை இப்படி விளையாடிப் பார்த்தவர்கள் அந்தப் பட்டன்களைச் சும்மா விடமாட்டார்கள்.

வார், சந்தனம், பில்

நம் ஊர் வியர்வைக்குத் தோல் வார் தாங்காது. சித்திரை, வைகாசியில் தினமும் போட்டால் ஒரே கோடையில் நாற்றமெடுத்து வெடித்துவிடும். தண்ணீர் தாங்கும் வாட்ச் வாங்கிவிட்டுத் தோல் வார் போடுவதில் அர்த்தமும் இல்லை. ஸ்டீல் செயின் அல்லது ரப்பர் வாரோடு வாங்கிவிட்டு, முகூர்த்தத்துக்கு மட்டும் தோல் வாரை மாற்றிக்கொள்ளலாம். கல்யாண வீட்டில் பன்னீரும் சந்தனமும் படாமல் இருக்காது. சந்தனம் பட்டன் இடுக்கில் காய்ந்தால் கல்லாகப் பிடித்துவிடும், பட்டன் அழுந்திய இடத்திலேயே நின்றுவிடும். அன்று இரவே ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். கடலில் நனைந்திருந்தால் நல்ல தண்ணீரில் அலச வேண்டும், திருகு மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரும் சொந்தக்காரர் வழியாக வாங்குகிறவர்கள், உலக வாரன்ட்டி கார்டில் கடை முத்திரையும் தேதியும் இருக்கிறதா, கார்டில் உள்ள வரிசை எண்ணும் வாட்சில் உள்ளதும் ஒன்றுதானா என்று பார்க்கச் சொல்லுங்கள். அனுமதித்த அளவுக்கு மேல் போனால் விமான நிலையத்தில் சுங்கவரி கட்டியாக வேண்டும். கையில் கட்டி வந்தாலும் அது பொருந்தும். உள்ளூரில் வாங்கும்போது 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கடைக்காரருக்குச் சட்டம் இடம் தராது. 10 லட்சத்துக்கு மேல் போகும் வாட்சுக்கு 2025 ஏப்ரல் முதல் 1 சதவீதம் வரி கடையிலேயே பிடிக்கிறார்கள். அது வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளக்கூடிய தொகை, எனவே பில் யார் பெயரில் இருக்க வேண்டும் என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே முடிவு செய்யுங்கள். மாமனார் பெயரில் பில், மாப்பிள்ளை கையில் வாட்ச் என்பதில் தவறில்லை. ஆனால் வாரன்ட்டி கார்டும் பெட்டியும் பில்லின் நகலும் வாட்சோடு அவர் கைக்கே போய்ச் சேர வேண்டும், ஏனென்றால் நாளைக்கு சர்வீஸுக்குக் கொண்டுபோகப் போவது அவர்தான்.