‘சாமி கண்ணைக் குத்திரும்’ என்று சொல்லாமல் பிள்ளையைத் திருத்துவது எப்படி?

பெட்டிக்கடைக்குப் போய்வந்த பிள்ளையின் கையில் மீதிச் சில்லறை 5 ரூபாய் குறைகிறது. கேட்டால் “கீழ விழுந்துருச்சு” என்கிறது. வாயில் மிட்டாய் வாசனை. மதுரைப் பக்கம் அடுத்து வரும் வசனம் எல்லா வீட்டுக்கும் தெரிந்ததுதான்: “பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்திரும்.” பிள்ளை மிரண்டு உண்மையைச் சொல்லிவிடும், அன்றைய வேலை முடிந்தது. சிக்கல் அது மாட்டாமல் தப்பித்த நாளில் ஆரம்பிக்கிறது. மறுநாள் விடிகிறது, இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறது. ஒன்று, சாமி பார்க்கவில்லை. இல்லையென்றால் அம்மா சொன்னது பொய். பிள்ளை இரண்டில் எதை எடுத்துக்கொண்டாலும் நமக்குத்தான் நட்டம்.

பயம் வேலையே செய்யாது என்று சொல்ல முடியாது. 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளைத் தனி அறையில் விளையாட விட்டார்கள். காலி நாற்காலியைக் காட்டி, “இதில் கண்ணுக்குத் தெரியாத இளவரசி ஒருத்தி இருக்கிறாள்” என்று சிலரிடம் சொன்னார்கள். அதை நம்பிய பிள்ளைகள் ஏமாற்றுவது குறைந்தது. நம்பினால்தான் பலன் என்பதைக் கவனியுங்கள். அதே ஆண்டு வெளிவந்த இன்னோர் ஆய்வில் மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளை ஒப்பிட்டார்கள். பிரம்படி உள்ள பள்ளியின் பிள்ளைகள் கூடுதலாகப் பொய் சொன்னார்கள். சொன்ன பொய் வெளுக்காமல் காப்பாற்றுவதிலும் அவர்களே கெட்டிக்காரர்கள். தண்டனைப் பயம் பொய்யை நிறுத்துவதைவிடப் பொய்க்குப் பயிற்சி கொடுப்பதுதான் அதிகம்.

அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பு முன்னால் சத்தியம் செய்து வழக்குத் தீர்ப்பதில்லையா என்று பெரியவர்கள் கேட்பார்கள். அது வேறு. சாட்சி இல்லாத தகராற்றை இரண்டு பெரியவர்கள் மனமொப்பி முடித்துக்கொள்ளும் வழி அது. 5 ரூபாய் மிட்டாய்க்கு வைத்த வழி அல்ல. இன்னொன்றையும் பாருங்கள்: அழகர் மதுரைக்குக் கிளம்பும்போது, போட்டுக்கொண்டு போகும் நகைகளின் பட்டியலை அந்தக் கருப்பின் முன்னாலேயே வாசிக்கும் வழக்கம் இருக்கிறது. கோயில் உண்டியலுக்கும் பூட்டும் முத்திரையும் உண்டு. சாமியை நம்பியவர்களும் கணக்கை எழுதித்தான் வைத்தார்கள்.

சரி, என்ன செய்வது?

விடை தெரிந்த கேள்வியைக் கேட்காதீர்கள். “காசை எடுத்தியா?” என்பது பொய் சொல்ல வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது. கணக்கைச் சொல்லுங்கள்: “50 ரூவா குடுத்தேன், சாமான் 30 ரூவா. 20 வரணும், 15 தான் இருக்கு.” சொல்லிவிட்டு மனசுக்குள் பத்து எண்ணுகிற வரை வாயைத் திறக்காதீர்கள். பெரும்பாலும் ஏழு, எட்டு எண்ணுவதற்குள் நாம்தான் பொறுக்காமல் பேசிவிடுகிறோம். பிள்ளை யோசித்துக்கொண்டிருந்த உண்மை அங்கேயே நின்றுவிடுகிறது.

உண்மை வந்ததும், யாருக்கு என்ன குறைந்தது என்று ஒரே வரியில் சொல்லுங்கள். “அது அப்பத்தா மாத்திரைக்கு வச்சிருந்த காசு.” சொல்வது நிஜமாக இருக்கவேண்டும். “நீ இப்படிப் பண்ணுனா அம்மா செத்துப்போயிருவேன்” என்று இழுத்தால், சாமியை இறக்கிவிட்டு அந்த இடத்தில் நீங்கள் ஏறி உட்கார்ந்ததாகிவிடும்.

பிறகு ஈடு கட்டுதல். முழுப் பாடமும் இங்கேதான் இருக்கிறது, பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். கடையில் கேட்காமல் எடுத்ததென்றால் முதலில் நீங்கள் மட்டும் போய்க் கடைக்காரரிடம் சொல்லி வையுங்கள்: திட்டவும் வேண்டாம், “பரவால்ல, வச்சுக்க கண்ணு” என்றும் சொல்லவேண்டாம். இரண்டாவதுதான் அதிகம் கெடுக்கும். அப்புறம் பிள்ளையைக் கூட்டிப்போய், ஓர் அடி பின்னால் நில்லுங்கள். பேச வேண்டியது பிள்ளைதான்: “அண்ணாச்சி, நேத்து கேக்காம ஒரு கடலைமிட்டாய் எடுத்துட்டேன், இந்தாங்க காசு.” காசு அதன் உண்டியலிலிருந்து வரட்டும். எடுத்தது எவ்வளவோ அவ்வளவு மட்டும்; அபராதம் போட்டால் கடன் தீர்ந்த நிம்மதி வராது, கோபம்தான் மிஞ்சும். கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். வீட்டுக்கு வந்தபின் அந்தப் பேச்சு முடிந்தது. விருந்தாளி முன்னால் அதைக் கிண்டக்கூடாது.

மூன்று, நான்கு வயதில் பிள்ளை சொல்வதில் பாதி கற்பனை. அதற்கு இவ்வளவு தேவையில்லை.

கதை சொல்லுவதாக இருந்தால் தேர்ந்து சொல்லுங்கள். பொய் சொன்னவனுக்கு மூக்கு நீண்டது, புலி வருது என்றவனைக் கடைசியில் யாரும் நம்பவில்லை என்கிற மாதிரிக் கதைகளைச் சொல்லிப் பார்த்த ஆய்வு 2014-இல் வந்தது. கேட்ட பிள்ளைகளிடம் மாற்றமில்லை. செய்த தப்பை ஒப்புக்கொண்டதற்காகப் பாராட்டு வாங்கிய பையனின் கதை வேலை செய்தது.

அப்பத்தாவும் அம்மாச்சியும் பழைய வசனத்தை விடமாட்டார்கள். பிள்ளை எதிரில் மறுத்துப் பேசவேண்டாம், தனியாக, மாற்று வசனம் ஒன்றைக் கையில் கொடுங்கள்: “அத்தை, சாமி கண்ணைக் குத்தும்னு சொல்றதுக்குப் பதிலா, ‘சாமி உன் கூட நிக்கும், போய் உள்ளதைச் சொல்லு’ன்னு சொல்லிப் பாருங்களேன்.” சாமி வீட்டிலேயே இருக்கிறது, போலீஸ் வேலை மட்டும் போய்விட்டது. பெரியவர்களுக்கும் மனத்தாங்கல் இல்லை.

உண்மையான போலீஸையும் அந்த வேலைக்கு வைக்காதீர்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் கூட்டத்தில் பிள்ளை கை நழுவினால், அது போய் நிற்கவேண்டியது காக்கிச்சட்டைக்காரரிடம்தான். “போலீஸ் பிடிச்சுட்டுப் போயிரும்” என்று வளர்ந்த பிள்ளை அவரைக் கண்டால் ஒளிந்துகொள்ளும்.

அம்மை போட்ட வீட்டில் கூடுதல் கவனம் வேண்டும். வேப்பிலைக்கு நடுவே தனியாகப் படுத்திருக்கும் பிள்ளை, தான் சொன்ன பொய்களை எண்ணிக்கொண்டிருக்கக்கூடும். கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: “இது ஒருத்தர்ட்ட இருந்து ஒருத்தருக்கு ஒட்டுற கிருமி. நீ செஞ்ச எதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.” சின்னம்மைக் கொப்புளம் தெரிவது கிருமி தொற்றிய 10 முதல் 21 நாளுக்குள். நேற்றுச் சொன்ன பொய்க்கு இன்றைக்குக் கொப்புளம் வர வழியே இல்லை. விவரம் தெரிந்த பிள்ளையிடம் இந்தக் கணக்கையே சொல்லலாம்.

ஏற்கெனவே பயந்துபோன பிள்ளையை ஊர் எல்லைக் கருப்பிடம் பகலில் கூட்டிப்போங்கள். அந்த அரிவாள் ஊரைக் காக்க நிற்பது என்று பூசாரியே சொன்னால் நல்லது. படுக்கையை நனைக்கும் பழக்கம் விட்டுப்போய்த் திரும்ப வந்தாலோ, வாரக்கணக்கில் தூக்கம் கெட்டாலோ மந்திரிப்பதோடு நிற்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

பத்து வயதுக்கு மேல் ஒருநாள், “அப்ப சாமி இல்லைன்னா திருடலாமா?” என்று வரும். அதட்டாதீர்கள். மேலுலகம் இல்லை என்றாலும் கொடுப்பதே நல்லது என்று வள்ளுவர் 222-ஆம் குறளில் சொல்லிவிட்டார். புறநானூற்றின் 134-ஆம் பாட்டு, மறுமையில் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிறவனை ‘அறவிலை வணிகன்’ என்கிறது. வள்ளல் ஆய் அப்படிப்பட்டவன் அல்லன் என்று பாராட்டுகிறது. இரண்டையும் சொல்லிவிட்டு, “உன் சைக்கிளை ஒருத்தன் எடுத்துட்டுப் போறான், அவனுக்குச் சாமி நம்பிக்கை இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?” என்று கேளுங்கள். மீதியை அதுவே பேசும்.

இவ்வளவையும் ஒரு பஸ் பயணத்தில் கெடுத்துவிடலாம். அரசுப் பேருந்தில் 5 வயது வரைதான் டிக்கெட் இல்லை. மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் ஏறும்போது ஆறு வயதுப் பிள்ளையின் காதில், “கண்டக்டர் கேட்டா நாலுன்னு சொல்லு” என்று ஓதாதீர்கள். அரை டிக்கெட்டை வாங்கி, கிழியாமல் வைத்துக்கொள்ளச் சொல்லிப் பிள்ளை கையிலேயே கொடுத்துவிடுங்கள்.