சப்வூஃபரை எங்கே வைப்பது? நான்கறை வீட்டுக்கான செய்முறை

புது சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள தனி ஒலிபெருக்கிப் பெட்டி) வாங்கி இரண்டு வாரம் ஆகியும் சோபாவில் உட்கார்ந்தால் பேஸ் என்னும் அந்தத் தாழ்ந்த ஒலி கேட்கவில்லை. ஆனால் சமையலறை வாசலில் நின்றால் அலமாரித் தட்டுகள் அதிர்ந்தன. பெட்டி பழுது என்று நினைத்துக் கடைக்கே தூக்கிக்கொண்டு போனேன். அங்கே நன்றாகத்தான் பாடியது. பிரச்சினை என் ஹாலில் இருந்தது.

முதலில் வாங்குவது. சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நான்கறை வீட்டு ஹாலுக்கு, உள்ளே இருக்கும் ஒலிக்கூம்பு 8 அல்லது 10 அங்குலம் இருந்தால் போதும். துளையில்லாத மூடிய பெட்டியையே நான் சொல்வேன். துளை வைத்தது சத்தம் கூடுதலாகத் தரும், ஆனால் மூடிய பெட்டியில் மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) அடி ஒவ்வொன்றும் தனித்தனியாக விழும். கோல்மன் ஸ்திரீட் அடெல்ஃபியில் ஹைஃபை கடைகள் நிறைய உண்டு. உங்களுக்குப் பழகிய பாட்டைக் கொண்டுபோய்ப் போட்டுக் கேளுங்கள்.

அடுத்து இணைப்பு. ரிசீவரில் (ஒலிபெருக்கிகளை இயக்கும் பெட்டி) 'சப் அவுட்' என்று இருக்கும் இணைப்பிலிருந்து சப்பின் 'எல்எஃப்இ' (பேஸ் உள்ளே வரும் இணைப்பு) துளைக்கு ஒரே ஒரு கேபிள். ரிசீவரில் கிராஸ்ஓவரை, அதாவது எந்த ஒலிக்குக் கீழே சப்புக்குப் போக வேண்டும் என்ற எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். சப்பின் பின்னால் இருக்கும் கிராஸ்ஓவர் குமிழை உச்சத்துக்குத் திருப்பிவிடுங்கள், இல்லையென்றால் ஒரே ஒலியை இரண்டு இடத்தில் வெட்டுவீர்கள்.

இப்போது என்னைத் தடுக்கிவிட்ட படி. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். என் ஹால் 5 மீட்டர் நீளம், போய்த் திரும்ப 10 மீட்டர்; 343ஐ 10ஆல் வகுத்தால் சுமார் 34. கான்கிரீட் சுவர்கள் பேஸின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புவதால், 34 ஹெர்ட்ஸ் அளவில் இரு கோடிச் சுவர்களருகே ஒலி குவிந்து, நட்டநடுவில் காணாமல் போகிறது. என் சோபா சரியாக அந்த நடுவில் இருந்தது! ஒலியைக் கூட்டினாலும் பயனில்லை, சப்பை எங்கே நகர்த்தினாலும் அந்தச் சுரம் அங்கே வராது. சோபாவை அரை மீட்டர் பின்னுக்குத் தள்ளினேன், வந்துவிட்டது.

அப்புறம்தான் சப்பின் இடம். சப்பைத் தூக்கிச் சோபாவில், நீங்கள் உட்காரும் இடத்திலேயே வையுங்கள். பேஸ் மேலும் கீழும் நடக்கும் ஒரு பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழுங்கள். காது தரைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். எல்லாச் சுரமும் ஒரே அளவாகக் கேட்கும் இடத்தில் டேப் ஒட்டி, சப்பை அங்கே வையுங்கள். ஒலிக்கும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டாலும் விளைவு ஒன்றுதான். எனக்கு அது டிவி மூலையில் இல்லை, சன்னல் பக்கச் சுவரில் கிடைத்தது. கைப்பேசிச் செயலியை விட இந்த வழியைத்தான் நம்புகிறேன்.

ஃபேஸ் சுவிட்ச் (சப்பின் ஒலி அலையைத் தலைகீழாக்குவது): நீங்கள் சோபாவில் இருங்கள், வீட்டில் ஒருவர் 0, 180 என்று மாற்றட்டும். எதில் பேஸ் நிறைவாக வருகிறதோ அதில் விடுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், பாட்டு ஓடாதபோதும் 'ம்ம்ம்' என்று இரைகிறது என்று எழுதியிருந்தார். டிவியின் ஆன்டெனா கேபிளைக் கழற்றிப் பாருங்கள் என்றேன். நின்றுவிட்டது. எர்த் இரண்டு வழியில் சுற்றினால் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் இப்படி உள்ளே நுழையும். ஆன்டெனா கேபிளுக்கு ஓர் ஐசொலேட்டர் (எர்த் தொடர்பைப் பிரித்துவிடும் சிறு இணைப்பான்) போட்டால் சரியாகும். ரிசீவரையும் சப்பையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகுவதும் உதவும். பிளக்கின் எர்த் இணைப்பை மட்டும் ஒருபோதும் துண்டிக்காதீர்கள், உயிருக்கு ஆபத்து.

இன்னொருவர் கீழ்வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டார். பெட்டிக்கு அடியில் தடித்த ரப்பர் பாய் போட்டால் தரை அதிர்வு குறையும், காற்றில் போகும் பேஸ் குறையாது. நான் இரவு 10.30க்கு மேல் சப்பை அணைத்துவிடுகிறேன்.