போர்டிலேயே பற்றவைத்த யுஎஸ்பி சிப்பை டிவைஸ் ட்ரீயில் எழுதுவது எப்படி?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில், செம்பனைக் குலை எடை போடும் கொட்டகைக்கு லினக்ஸ் ஓடும் சின்ன போர்டு ஒன்றைப் பொருத்திக் கொடுத்தேன். இடி இடித்தால் அங்கே கரண்ட் போய்விடும். திரும்ப வந்ததும் தோட்டத்துக் கணக்கர், கிராணி, போன் போடுவார்: "தம்பி, எடை கணக்கு மறுபடியும் ஏறலையே!"

போர்டில் பற்றவைத்த யுஎஸ்பி நெட்வொர்க் சிப்பில் மேக் முகவரி (நெட்வொர்க்கில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்) எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. அதனால் சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர் ஒவ்வொரு பூட்டிலும் ஏதோ ஒரு முகவரியை உருவாக்கிக்கொள்ளும். ரூட்டரும் யாரோ புது ஆள் என்று வேறு ஐபி கொடுத்துவிடும். கணக்கு ஏறாமல் போனது அதனால்தான்.

போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கெர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதிக்கு) எழுதித் தரும் விவரம்தான் டிவைஸ் ட்ரீ. யுஎஸ்பிதான் தன்னைத்தானே அறிமுகப்படுத்திக்கொள்ளுமே, அது எதற்கு என்றுதான் நானும் இருந்தேன். சிப் தன் ஐடியைச் சொல்லும், சரி. மேக் முகவரியை நாம்தான் எழுதித் தரவேண்டும்.

முதலில் யுஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையைக் கொடுத்து ஐடியைப் பாருங்கள். என் போர்டில் ஒரு யுஎஸ்பி வழியைப் பலவாகப் பிரிக்கும் ஹப் 0424:2514, நெட்வொர்க் சிப் 0424:7800. இது என்ன சிப் என்று டிவைஸ் ட்ரீயில் சொல்லும் கம்பேட்டிபிள் வரியில் முன்னால் உள்ள பூஜ்யத்தை விட்டுவிட்டு 'யுஎஸ்பி424,7800' என்று எழுத வேண்டும். எழுத்துகள் வந்தால் ஆங்கிலச் சிறிய எழுத்தில்தான்.

அடுத்தது, சிப் எங்கே இருக்கிறது என்று சொல்லும் ரெக் வரி. இங்கேதான் எனக்கு இரண்டு ராத்திரி போனது. எல்எஸ்யுஎஸ்பி காட்டிய 'டிவைஸ் 003' என்பதைப் பார்த்து 3 போட்டுவிட்டேன். அது செருகும் வரிசையைப் பொறுத்து மாறும் எண். ரெக் கேட்பது போர்ட் எண்ணை, அதாவது சிப் இணைந்திருக்கும் யுஎஸ்பி வாயிலின் எண்ணை. அது 1இல் தொடங்கும். கெர்னல் தான் கண்ட சாதனங்களைக் காட்டும் சிஸ் கோப்பகத்தில் என் சிப்பின் பெயர் 1-1.2. அதாவது பஸ் 1, ரூட் போர்ட் 1, அங்கிருக்கும் ஹப்பின் போர்ட் 2. அப்படியே அடுக்கினால்:

யுஎஸ்பி கண்ட்ரோலர்
— ஹப்@1, ரெக் 1
— — ஈதர்நெட்@2, ரெக் 2, லோக்கல்-மேக்-அட்ரஸ்

கண்ட்ரோலர், ஹப் இரண்டிலும் ரெக்கின் வடிவத்தைச் சொல்லும் அட்ரஸ்-செல்ஸ் 1, சைஸ்-செல்ஸ் 0 போடாவிட்டால், டிவைஸ் ட்ரீயைத் தொகுக்கும் டிடிசி நிரல் முணுமுணுக்கும். சொந்தமாக மேக் வைப்பதென்றால் 02 என்று தொடங்குங்கள். நிறுவனங்களின் முகவரியோடு பொதுவாக மோதாது.

கொடுமை என்னவென்றால், போர்ட் தப்பானாலும் கெர்னல் வாய் திறக்காது. டிவைஸ் ட்ரீயில் எழுதிய பகுதியை (நோடை) சிப்போடு இணைக்கும்போது அது பார்ப்பது ரெக்கை மட்டும்தான். எல்எஸ்யுஎஸ்பியில் மரமாகக் காட்டும் '-டி' இருக்கிறது, ஆனால் எனக்கு சிஸ் கோப்பகத்தின் மேல்தான் நம்பிக்கை. பூட் ஆனதும் 1-1.2க்குள் 'ஓஎஃப்_நோட்' என்ற இணைப்பு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஒட்டிக்கொண்டது. இல்லாவிட்டால் எண்ணை மறுபடி பாருங்கள்.

பின்சேர்க்கை: ஹப்பே கண்ணில் படவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் போர்டில் ஹப்பின் ரீசெட் கம்பி, மென்பொருளால் இயக்கும் ஜிபிஐஓ பின்னில் இருந்தது. ஹப் நோடில் 'ரீசெட்-ஜிபிஐஓஸ்' சேர்த்து, ஆன்போர்ட் யுஎஸ்பி ஹப் டிரைவரைக் கெர்னலில் இயக்க வேண்டும். இந்த டிரைவருக்கு மட்டும் கம்பேட்டிபிள் வரி சரியாக இருந்தாக வேண்டும். அதை வைத்துத்தான் ஹப்பை அடையாளம் காணும். புதுக் கெர்னல்களில் அதன் பெயர் ஆன்போர்ட்_யுஎஸ்பி_டெவ். பழைய பெயரில் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.